அருமண் ஒளிர்துகள்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அருமண் மூலகங்களை (சீரியம், யூரோப்பியம், ஏர்பியம் போன்ற, இயல்பில் ஒத்த உலோக மூலகங்களை) சிறிதளவு சேர்த்து ஆக்கப்படும் ஒளிரும் நனோத்துகள்களைப் பற்றி இப்பகுதியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை, "இதனால் எங்களுக்கு என்ன பயன்?" என்றே கேட்கின்றன. அது நியாயமான கேள்வி. ஆகவே நடைமுறைப் பயனைத் தொட்டு நிற்கும் கடிதங்களையே இம்முறை தெரிந்தெடுத்திருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரைப் பாய்ச்சினால் இத்துகள்கள் பச்சை நிறத்தில் ஒளிரும் என்று எழுதியிருந்தீர்கள். பச்சை ஒளியின் போட்டனுக்குச் செங்கீழ்ப் போட்டனைவிடச் சக்தி கூடவல்லவா? அப்படியானால் சக்திக் காப்பு விதி என்னாவது?
— உயர்தரப் பௌதிக விஞ்ஞான மாணவி, கோண்டாவில்

விதிக்கு ஒரு குறையும் நேர்வதில்லை, ஏனெனில் உள்ளே செல்லும் போட்டன்கள், அதாவது ஒளியின் சக்திப் பொதிகள், இரண்டு, வெளியே வருவது ஒன்று. 980 நனோமீற்றர் அலைநீளமுள்ள செங்கீழ்ப் போட்டன் ஒன்றின் சக்தி ஏறத்தாழ 1.27 இலத்திரன்வோற்று, இரண்டையும் கூட்டினால் 2.5 இலத்திரன்வோற்றுக்குச் சற்று மேல் வரும். 540 நனோமீற்றர் பச்சைப் போட்டனுக்குத் தேவைப்படுவது 2.3 இலத்திரன்வோற்று மட்டுமே. எஞ்சிய சிறிதளவு சக்தி பளிங்கின் அதிர்வாக, அதாவது வெப்பமாகக் கழிந்துவிடுகிறது.

இரண்டு போட்டன்களின் சக்தியும் ஓர் அயனில் எப்படிச் சேர்கிறது என்பதே இதன் நுட்பம். பெரிதும் ஆராயப்பட்ட துகள், சோடியம் இற்றியம் புளோரைட்டுப் பளிங்கில் இற்றெர்பியம் அயன்களை ஏறத்தாழ 20 சதவீதமும் ஏர்பியம் அயன்களை 2 சதவீதமும் மாசூட்டி, அதாவது வேண்டுமென்றே கலந்து, ஆக்கப்படுவது. இற்றெர்பியம் 980 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சி, அச்சக்தியை அருகிலுள்ள ஏர்பியத்துக்குக் கைமாற்றுகிறது. ஏர்பியம் ஓர் இடைநிலைக்கு உயர்ந்து அங்கேயே சிறிது நேரம் தங்குகிறது. அது கீழே இறங்கிவிடுமுன் இன்னோர் இற்றெர்பியம் தன் பங்கைக் கொடுத்தால், மேலும் உயர்ந்து, பின்னர் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிர்ந்தபடி இறங்குகிறது. ஏர்பியத்துக்குப் பதிலாகத் தூலியத்தைச் சேர்த்தால் நீல ஒளியும், 800 நனோமீற்றர் அளவிலான செங்கீழ் ஒளியும் கிடைக்கும்.

இடைநிலையில் தங்கும் அந்தச் சிறு அவகாசம் இல்லாவிட்டால் எதுவும் நடவாது. அருமண் அயன்களில் ஒளிர்வுக்குக் காரணமான 4எஃப் என்ற உள் இலத்திரன்கள், 5எஸ், 5பி என்ற வெளி இலத்திரன்களின் மறைவில் இருப்பதால் சுற்றுச்சூழலால் அதிகம் குழப்பப்படுவதில்லை. புளோரைட்டுப் பளிங்கின் அதிர்வுகளும் சக்தி குறைந்தவை. இவ்விரு காரணங்களாலும் அந்நிலை நீண்டு நிற்கிறது. செங்கீழ்ப் போட்டன்களை இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை பௌதிகவியலாளர் புளூம்பர்கன் 1959இல் முன்வைத்தார். ஓர் அயனிலிருந்து மற்றோர் அயனுக்குச் சக்தி கைமாறுவதால் இது நிகழக்கூடும் என்பதை 1966இல் பிரான்சில் ஓசெலும், சோவியத் ஒன்றியத்தில் ஒவ்சியான்கின், ஃபியோஃபிலோவ் ஆகியோரும் தனித்தனியே காட்டினர்.

இரண்டு போட்டன் தேவைப்படுவதால், ஒளியின் செறிவை அரைவாசியாகக் குறைத்தால் ஒளிர்வு ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். தொலைக்காட்சித் தொலையியக்கியைக் கொண்டு இதைச் செய்துபார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதிலுள்ள விளக்கு 940 நனோமீற்றர் அளவில், மிகவும் மங்கலாக ஒளிர்வது, அதனால் முடியாது. 980 நனோமீற்றர் லேசரை இணையத்தில் வாங்கி வீட்டில் முயலவும் வேண்டாம். அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடிக்கொள்ளாது. விழித்திரை கருகியபின்னரே பாதிப்புப் புலப்படும். உரிய பாதுகாப்புக் கண்ணாடியும் மேற்பார்வையும் உள்ள ஆய்வுகூடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் யூரோத் தாள்களைக் கழியூதா விளக்கின் கீழ் வைத்துத்தான் நாங்கள் வாங்குகிறோம். அதில் சிவப்பாக மின்னுவது நீங்கள் சொல்லும் பொருளா?
— நாணயமாற்று நிலையப் பணியாளர், யாழ்ப்பாணம்

அதே குடும்பத்தைச் சேர்ந்தது. யூரோத் தாள் புழக்கத்துக்கு வந்த 2002ஆம் ஆண்டிலேயே, நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் இருவர் அதன் ஒளிர்வை நிறமாலைமானியால் ஆராய்ந்து, சிவப்பு ஒளிர்வு யூரோப்பியத்தால் வருவது என்ற முடிவுக்கு வந்தனர். ஐரோப்பாவின் பெயரைத் தாங்கிய மூலகமே ஐரோப்பியப் பணத்துக்குக் காவலாக நிற்கிறது.

ஆனால் இது மேலிருந்து கீழான மாற்றம்: சக்தி கூடிய கழியூதா உள்ளே சென்று, சக்தி குறைந்த சிவப்பு வெளியே வருகிறது. கழியூதாவில் ஒளிரும் சாதாரண மைகள் இன்று எங்கும் விலைக்குக் கிடைப்பதால், மின்னுகிறது என்பதை மட்டும் வைத்துத் தாள் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. எதிர்ப்புறமான தவறும் உண்டு. சட்டைப் பையில் கிடந்து சலவைத் தூளில் ஊறிய நல்ல தாள், அத்தூளில் உள்ள வெண்மையூட்டிகளால் முழுதும் நீலமாக ஒளிரக்கூடும். எனவே தாளின் தடிப்பு, நீரோட்டக்குறி, புடைப்பு அச்சு ஆகியவற்றையும் சேர்த்தே பாருங்கள்.

செங்கீழ் ஒளியில் ஒளிரும் துகள்களைக் கலந்த மைகள் இந்த இடத்தில்தான் மேலானவை. அச்சேறிய பின் அவை வெளிச்சத்திலும் தெரியமாட்டா, கழியூதாவிலும் தெரியமாட்டா; குறித்த அலைநீள லேசர் பட்டால் மட்டுமே நிறம் காட்டும். இற்றெர்பியம், ஏர்பியம், தூலியம் ஆகியவற்றின் விகிதத்தை மாற்றினால் நிறமும், ஒளிர்வு அணைய எடுக்கும் நேரமும் மாறும். ஆகவே ஒரு நிறுவனத்தின் மையை இன்னொருவர் ஊகித்துச் செய்வது எளிதன்று. மருந்துப் பெட்டிகள், ஆவணங்கள், மதுபானப் போத்தல் முத்திரைகள் போன்றவற்றுக்கு இது பொருத்தமான பயன் என்பது என் கருத்து.

தங்கத்துக்குள் இந்தத் துகளைக் கலந்து, எங்கள் கடை நகைக்கு அடையாளமாக்கலாமா?
— நகைக்கடை உரிமையாளர், கஸ்தூரியார் வீதி

முடியாது. உலோகத்தினுள் ஒளி புகாது. உள்ளே இருக்கும் துகளுக்கு லேசரும் எட்டாது, அதன் ஒளிர்வும் வெளியே வராது. நகையோடு கொடுக்கும் சான்றிதழிலோ சிட்டையிலோ இவ்வகை மையைப் பயன்படுத்தலாம். தங்கத்தின் மாற்றை அளக்கக் கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ் கதிர்ப் பொறியும் ஒருவகை ஒளிர்வையே அளக்கிறது, ஆனால் அது தங்கம், செம்பு, வெள்ளி ஆகிய அணுக்களே வெளிவிடும் எக்ஸ் கதிர். அங்கு அருமண் எதுவும் தேவையில்லை.

பொன் நனோத்துகள் பூசிய பரிசோதனைக் கீற்றுகளை நாங்கள் நாளாந்தம் பயன்படுத்துகிறோம். அதற்குப் பதிலாக அருமண் துகள் வந்தால் உண்மையில் என்ன மேம்பாடு?
— மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், மானிப்பாய்

இக்கேள்விக்கு நான் கூடுதலாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இத்துகள்களால் மனிதருக்குக் கிடைக்கக்கூடிய பெரும் நன்மை, உடலுக்கு உள்ளே அன்றி, உடலுக்கு வெளியே உங்கள் மேசைமீதுதான் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு துளி குருதியிலோ சிறுநீரிலோ ஒரு புரதத்தைத் தேடும்போது எங்களைத் தடுப்பது பெரும்பாலும் ஒளியின் குறைவு அன்று, பின்னணி ஒளியின் மிகுதியே. குருதிப் பாயம், கீற்றின் தாள், பிளாத்திக்கு எல்லாமே கழியூதாவிலும் நீல ஒளியிலும் தாமாக ஒளிர்கின்றன. நாம் தேடும் சிறு ஒளி அதற்குள் அமிழ்ந்துவிடுகிறது. அருமண்கள் இதிலிருந்து தப்ப இரண்டு வழிகளைத் தருகின்றன.

முதல் வழி, காத்திருப்பது. பின்னணிப் பொருட்களின் ஒளிர்வு சில நனோசெக்கன்களில் அணைந்துவிடும். யூரோப்பியத்தின் ஒளிர்வு அரை மில்லிசெக்கனுக்கு மேலும் நீடிக்கும். எனவே ஒளித் துடிப்பை அனுப்பி, சிறிது பொறுத்து, அதன் பின்னரே கருவியின் கண்ணைத் திறந்தால், எஞ்சியிருப்பது யூரோப்பியத்தின் ஒளி மட்டுமே. திருவிழாப் பந்தலின் மின்விளக்குகள் அணைந்தபின் ஓர் அகல்விளக்கு தனித்துத் தெரிவதைப் போன்றது இது. இம்முறை புதியதன்று. 1980களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் உருவாக்கப்பட்டு, பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் ஒரு துளி குருதியில் தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனை அளப்பதற்கு உலகின் பல ஆய்வுகூடங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. தைரொயிட் குறைபாட்டைப் பிறந்த சில கிழமைகளுக்குள் கண்டறிந்து மருந்து கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி காக்கப்படும். பிந்தினால் இழந்ததை மீட்க முடியாது. அந்த முறையில் யூரோப்பியம் தனித்தனிச் சிக்கற் சேர்வைகளாக, அதாவது வேறு மூலக்கூறுகளால் சூழப்பட்ட அயன்களாக, இருந்தது. இன்றோ ஆயிரக்கணக்கான அத்தகைய சேர்வைகளைப் பொதிந்த பல்பகுதியத் (பிளாத்திக்கு வகைத்) துகள்களை, தேடும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியோடு பிணைத்துக் கீற்றுகளில் இடுகிறார்கள். ஒரு புரத மூலக்கூறு பிடிபட்டால், அதனோடு ஆயிரக்கணக்கான ஒளிர்மையங்கள் வந்து சேர்கின்றன.

இரண்டாவது வழி, செங்கீழ் ஒளியைச் சக்தி கூடிய பச்சையாக மாற்றும், முதற் கேள்வியில் கூறிய துகள். அதை மேல்மாற்றத் துகள் என்பர். 980 நனோமீற்றர் ஒளியைக் குருதியோ தாளோ கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றமாட்டாது. ஆகவே பச்சை தெரிந்தால் அது துகளிலிருந்தே வந்தது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தார் இத்தகைய கீற்றுகளைக் கொண்டு, நன்னீர் நத்தைகளால் பரவும் சிஸ்டோசோமா ஒட்டுண்ணியின் தடயத்தை மிகக் குறைந்த செறிவிலும் கண்டறிந்திருக்கின்றனர். தொழுநோய்க்கும் இதே வகைக் கீற்றுகளை ஆராய்ந்துள்ளனர். துகள் வெளிறுவதில்லை என்பதால் முடிவு வந்த கீற்றைப் பத்திரப்படுத்திப் பின்னர் மீண்டும் வாசிக்கலாம்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். பொன் கீற்றின் பெரும் சிறப்பு, வாசிக்க வெறும் கண் போதும் என்பது. அருமண் கீற்றுக்கு வாசிப்புக் கருவி வேண்டும்; கருவிக்குப் பணமும் பராமரிப்பும் வேண்டும். உண்டா இல்லையா என்று மட்டும் அறியவேண்டிய இடத்தில் பொன்னே போதும். எவ்வளவு என்று அளக்கவேண்டிய இடத்திலும், நோய் தொடங்கிய மிகக் குறைந்த செறிவிலேயே பிடிக்கவேண்டிய இடத்திலும் அருமண் தன் செலவுக்கு ஈடு தரும். மாரடைப்பில் குருதிக்குள் கசியும் இதயத் தசைப் புரதத்தை அளப்பது இதற்கு நல்ல உதாரணம்.

அம்மாவுக்குப் புற்றுநோய். "நனோ ஒளிச் சிகிச்சை" என்று ஒரு காணொளியில் பார்த்தோம். காணி விற்றாவது வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறோம். இது உண்மையில் பலிக்குமா?
— மகள், சாவகச்சேரி

உங்கள் தாயாரின் நிலையறிந்து வருந்துகிறேன். காணி விற்கும் முடிவை எடுக்குமுன் இதைப் படியுங்கள்.

ஒளிச் சிகிச்சை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ஒளிபட்டால் நச்சாக மாறும் மருந்தைக் கொடுத்து, கட்டியின்மீது சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அதை அழிப்பது அம்முறை. தோல், களம் (உணவுக்குழாய்) போன்ற இடங்களிலுள்ள சில புற்றுநோய்களுக்கும், புற்றாக மாறக்கூடிய சில மாற்றங்களுக்கும் அது அங்கீகரிக்கப்பட்டுள்ளது. அதன் குறை, ஒளி உடலினுள் சில மில்லிமீற்றர் ஆழமே வலுவோடு செல்லும் என்பதாகும். செங்கீழ் ஒளி சற்று ஆழமாகச் செல்வதால், அருமண் துகளை உள்ளே அனுப்பி, அதன் ஒளிர்வால் மருந்தைத் தூண்டலாம் என்ற எண்ணத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. அது எலிகளில் செய்யப்படும் ஆராய்ச்சி. இத்துகளைக் குருதியில் ஏற்றிப் புற்றுநோயாளருக்குச் சிகிச்சையளிக்க எந்த நாட்டிலும் அங்கீகாரம் வழங்கப்படவில்லை. ஏறத்தாழ 6 நனோமீற்றரிலும் பெரிய துகளைச் சிறுநீரகம் வெளியேற்றமாட்டாது; அது ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி நீண்டகாலம் இருந்துவிடுகிறது. துகளின் ஒளிர்வுத் திறனும் பொதுவாக ஒரு சதவீதத்துக்குக் குறைவு. இவ்விரு தடைகளும் தீராமல் இது மருத்துவமனைக்கு வராது.

ஆகவே இன்று இதை உங்களுக்கு விற்க முன்வருபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை தரும் மருத்துவர்களிடம் அந்தக் காணொளியையே காட்டி, அம்மாவின் நோய் வகைக்கும் நிலைக்கும் எது பொருந்தும் என்று கேளுங்கள். எம்ஆர்ஐ படம் எடுக்குமுன் காடோலினிய ஊசி போடச் சொன்னால் அதைக் கண்டு அஞ்சவேண்டாம். அதுவும் அருமண்தான், ஆனால் துகளன்று. இறுகப் பிணைந்த சேர்வையாகக் கொடுக்கப்பட்டு, பெரும்பகுதி சிறுநீருடன் வெளியேறிவிடுவது. சிறுநீரக நோய் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

எலிகளுக்கு இருட்டில் பார்வை கொடுத்தார்கள் என்பது மெய்யா?
— வாசகர், காரைநகர்

மெய். 2019இல் சீன விஞ்ஞான தொழினுட்பப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து, மேல்மாற்றத் துகள்களை எலியின் விழித்திரைக்குப் பின்னால் செலுத்தின. 980 நனோமீற்றர் ஒளி அங்கே பச்சையாக மாறியதால், எலிகள் செங்கீழ் ஒளியில் காட்டிய வடிவங்களைப் பிரித்தறிந்தன. அந்த ஆற்றல் பத்து வாரங்கள்வரை நீடித்தது. அதற்கு முந்திய ஆண்டில், யப்பானின் ரிக்கென் நிறுவனத்தை மையமாகக் கொண்ட குழு, தலைக்கு வெளியேயிருந்து பாய்ச்சிய செங்கீழ் ஒளியால் எலியின் மூளைக்குள் ஆழத்திலுள்ள நரம்புக் கலங்களைத் தூண்டிக் காட்டியது. மூளையை அறியும் ஆராய்ச்சிக் கருவி என்ற அளவில் இவை மதிப்புமிக்கவை.

புல்மோட்டை மணலில் அருமண் உண்டு என்கிறார்கள். நாமே இத்துகளைச் செய்யலாமே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைற்று, உருத்தைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு மொனசைற்றும் உண்டு. மொனசைற்று அருமண் பொசுபேற்று. ஆனால் அதில் மிகுந்திருப்பவை சீரியம், இலந்தனம், நியோடிமியம் போன்ற பாரம் குறைந்த அருமண்கள். நமது துகளுக்கு வேண்டிய இற்றெர்பியமும் ஏர்பியமும் தூலியமும் அதில் மிகச் சொற்பம். மொனசைற்றில் கதிர்வீச்சுள்ள தோரியமும் கலந்திருப்பதால், பிரித்தெடுத்த பின் எஞ்சும் கழிவைக் காப்பது பெரும் பொறுப்பு. தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற கனியம் 1904இல் உலகுக்குத் தெரியவரக் காரணமானவர்களில் ஒருவரான ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றாசிரியராகப் புகழ்பெறுமுன் இலங்கையின் கனியவள ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பெருமைப்படலாம்.

எனினும் மூலப்பொருள் இல்லையே என்று சோர வேண்டியதில்லை. ஒரு பரிசோதனைக் கீற்றுக்குத் தேவையான துகள் ஒரு மில்லிகிராமிலும் குறைவு. தூய அருமண் உப்பைச் சிறிதளவு வாங்கி, ஒலெயிக்கமிலம் கலந்த கரைப்பானில் ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் பளிங்காக்குவதே வழமையான முறை. வெப்பக் கட்டுப்பாடும் சடத்துவ வாயுவும் உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு இது எட்டாத வேலையன்று. அதைவிடக் கடினமானது, எண்ணெய்ப் பசையுள்ள துகளை நீரில் கலக்கச் செய்து, பிறபொருளெதிரியைச் சரியாகப் பிணைப்பது. நமது இளைஞர்கள் கைதேர வேண்டிய இடம் அதுவே.

என் தோட்டக் கிணற்றில் நைத்திரேற்றும் எண்ணெயும் இருக்கின்றனவா என்று இத்துகளால் அறியலாமா?
— விவசாயி, புன்னாலைக்கட்டுவன்

அதற்கு இத்துகள் தேவையில்லை. நைத்திரேற்றை அளக்க மலிவான, நம்பகமான நிறமாற்ற முறைகள் முன்பே உண்டு. எண்ணெயிலுள்ள அரோமற்றிக்குச் சேர்வைகள் கழியூதாவில் தாமாகவே ஒளிர்வதால் ஆய்வுகூடத்தில் நேரடியாக அளந்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நமது சுண்ணக்கல் நிலத்தில் உரம் விரைவாக நிலத்தடி நீரை அடைவதால், கைக்குழந்தை உள்ள வீட்டார் கட்டாயம் சோதித்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும்.

நாங்கள் மிளகாய்த்தூள் இடித்து ஐரோப்பாவிலுள்ள கடைகளுக்கு அனுப்புகிறோம். பூஞ்சண நஞ்சு என்று சொல்லிச் சரக்கைத் திருப்பிவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. இங்கேயே சோதிக்க வழியிருக்கிறதா?
— சிறுகைத்தொழில் முயற்சியாளர், சுன்னாகம்

உண்டு, இங்குதான் அருமண் துகள் உங்களுக்கு உடனடியாக உதவக்கூடும். ஈரம் போகாத மிளகாயில் வளரும் பூஞ்சணம் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. மிளகாய் உள்ளிட்ட பல வாசனைத் திரவியங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள எல்லை, கிலோகிராமுக்கு பி1 வகை 5 மைக்கிரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்கிரோகிராம். இத்தனை நுண்ணிய அளவை எண்ணாகச் சொல்ல, யூரோப்பியத் துகள் இட்ட கீற்றுகளும் சிறு வாசிப்புக் கருவிகளும் தானியம், பால் ஆகியவற்றுக்குச் சந்தையில் கிடைக்கின்றன. மிளகாயின் சிவப்பு நிறமும் எண்ணெயும் வாசிப்பைக் குழப்பும் என்பதால், மிளகாய்க்கென்றே சரிபார்க்கப்பட்ட கீற்றையே கேட்டு வாங்குங்கள்.

கருவி வாங்குவது தனி ஒருவருக்குச் செலவு கூடியது. கூட்டுறவாகச் சேர்ந்து ஒன்றை வைத்திருப்பதே புத்தி. மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். நஞ்சு சரக்கில் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு சாக்கு தூயதாகவும் அடுத்தது கெட்டதாகவும் இருக்கும். ஆகவே பல சாக்குகளில், மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, நன்றாக அரைத்துக் கலந்த பின்னரே சோதிக்க வேண்டும். கீற்று எல்லைக்கு அருகில் எண் காட்டினால், அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில், கலவையிலுள்ள சேர்வைகளைப் பிரித்து அளக்கும் நிறப்பகுப்பு முறையால் உறுதிசெய்தபின் அனுப்புங்கள்.